நாலு வினாடி

எஸ்-மைன் என்ற ஜெர்மன் கண்ணிவெடியை மிதித்ததும் அது வெடித்துவிடாது. மண்ணுக்கு மேலே அதன் மூன்று முனைகள் மட்டும் லேசாகத் தெரியும். கால் பட்டுச் சுமார் 4 வினாடி கழித்து, டப்பா தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எகிறும், அந்தரத்தில்தான் வெடிக்கும். உள்ளே இருக்கும் சுமார் 350 இரும்புக் குண்டுகள் நாலாபக்கமும் பாயும். மிதித்தவனோடு, கூட வந்தவர்களையும் சாய்ப்பதற்கென்றே செய்த வெடி அது.

1944 பிப்ரவரி 24, இரண்டாம் உலகப் போர். இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற ஊருக்கு வடமேற்கே கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் குழுவில் ஒருவரின் கால் அப்படியொரு வெடியில் பட்டுவிட்டது. குழுவின் தலைவர் சுபேதார் சுப்பிரமணியன் பாய்ந்து அதன் மேல் விழுந்தார். வெடியை முழுக்கத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

நானும் மெட்ராஸ் சாப்பர்ஸ்காரன்தான். வேலூர்ப் பக்கத்துக் கிராமம்; ஹவில்தாராக ஓய்வுபெற்று இப்போது மும்பை செம்பூரில் மகனோடு இருக்கிறேன். பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டு விடிகாலையில் ஓடிப் பழகும் தாராவிப் பையன்கள் சிலருக்கு என்னால் ஆனதைச் சொல்லித் தருகிறேன். சுபேதார் கதையைக் கேட்ட ஒருவன், “அண்ணாச்சி, அந்த நேரத்துல யோசிச்சிருக்கவே முடியாதுல்ல? சட்டுனு விழுந்திருப்பாரு” என்றான்.

“இல்லப்பா. அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விழுந்தார்” என்றேன்.

இதை நான் வீரவசனமாகச் சொல்லவில்லை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, பாகிஸ்தான் எல்லை நெடுக நம் ராணுவம் கண்ணிவெடி புதைத்தது. பதற்றம் தணிந்ததும் அவற்றைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. ராஜஸ்தான் மணலில் நானும் அந்த வேலை செய்தேன். குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாகப் பிடித்து விரற்கடை விரற்கடையாகக் குத்திப் பார்க்க வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் இறங்கிவிடும். கம்பி நுனியில் கல் தட்டுகிறதா, இரும்பு தட்டுகிறதா என்று மணிக்கட்டே சொல்லும். சோதித்த இடத்துக்கு இருபுறமும் வெள்ளை நாடா கட்டுவோம். பின்னால் வருகிறவன் அந்த நாடாவை நம்பித்தான் காலை வைக்கிறான். எந்த வெடி எப்படி வெடிக்கும், எத்தனை வினாடி என்பதெல்லாம் எங்களுக்குத் தொழில். சுபேதாராக உயர்ந்த ஒருவருக்கு அந்த 4 வினாடி தெரியாமல் இருந்திருக்காது. தரையில் படுத்துத் தப்பிக்கப் பார்க்கலாம் என்பதும் தெரியும்.

சுப்பிரமணியன் 1912இல் காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்தவர். அவர் இருந்த 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனி, 4ஆம் இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. பாலம் கட்டும் சாமான், பட்டறை, கிடங்கு எல்லாம் பார்த்துக்கொள்ளும் கம்பெனி. அந்த பிப்ரவரியில் டிவிஷன் மோன்டே கசீனோ மலையில் ஜெர்மானியரோடு மோதி ஏராளமானவர்களை இழந்திருந்தது. மலை உச்சியிலிருந்த பழைய மடாலயத்தை நேச நாடுகளின் விமானங்கள் பிப்ரவரி 15 அன்று குண்டு வீசித் தகர்த்ததை உலகமே பேசியது. அந்த மலைக்குப் போகும் வழியில்தான் மிஞ்ஞானோ இருக்கிறது. பின்வாங்கிய ஜெர்மானியர் வழியெங்கும் வெடி புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாப்பர் முன்னால் போய் வழி திறக்காமல் அரிசி மூட்டையும் போகாது, ஆம்புலன்ஸும் போகாது.

1944 ஜூன் 30 அன்று அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. எதிரியோடு நேருக்கு நேர் மோதாத இடத்தில் காட்டும் உச்சபட்சத் துணிச்சலுக்கான பதக்கம் அது. விக்டோரியா கிராஸுக்குச் சமமானது. உடலை எரியூட்டினார்கள். இத்தாலியின் கிழக்குக் கரையில் சாங்ரோ நதிப் போர்க்கல்லறையில், எரியூட்டப்பட்ட 500க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் இந்தியர்கள் பட்டாளத்தில் இருந்தார்கள். 87,000 பேர் திரும்பவில்லை. வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்கள்தானே என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அது யாருடைய போர் என்று கீழ்ஒட்டிவாக்கத்துக்காரரை யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த 4 வினாடியில் அவர் பார்த்தது ராஜாவை அல்ல, தன்னை நம்பி வந்த பையன்களை. நான் மதிப்பது அதைத்தான்.

மும்பைக்கும் இந்தப் போரில் பங்குண்டு. அந்தப் போருக்குப் போன நம் படைகள் பல இந்தத் துறைமுகத்தில்தான் கப்பலேறின. 1944 ஏப்ரல் 14 அன்று வெடிமருந்து ஏற்றி வந்த ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் விக்டோரியா டாக்கில் வெடித்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் உள்ள தமிழ் வீடுகளில், தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ அந்தப் போருக்குப் போனவராக இருக்கலாம். டிரங்குப் பெட்டியில் ஒரு பதக்கமோ, பழுத்துப்போன டிஸ்சார்ஜ் புத்தகமோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் படை எண்ணும் கம்பெனி பெயரும் இருக்கும். போரில் இறந்தவரென்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும்கூட உண்டு. கண்டுபிடித்ததை ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.