இருக்கும் பெயரை ‘இல்லை’ என்ற தேடல்

‘மானிப்பாய்’ என்று தேடினால் ஆவணங்கள் வரிசையாக வருகின்றன. ‘கொக்குவில்’ என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. ஒரு வாரத்துக்கு முன்புவரை இரண்டும் வந்துகொண்டிருந்தன.

யாழ்ப்பாணத்தில் நண்பர்கள் சிலர் பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் கல்வெட்டுகள் ஆகியவற்றை ஸ்கான் செய்து இணையத்தில் சேர்த்துவருகிறார்கள். இடப்பெயர்வில் வீட்டோடு கடதாசிகளையும் இழந்த குடும்பங்கள் பலவற்றின் வம்சாவளி அந்தச் சிறு கல்வெட்டுப் புத்தகங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. ஆகவே தேடல் பொய்த்ததும் வெளிநாட்டிலிருந்து வந்த முதற் கேள்வி “ஏன் அழித்தீர்கள்?” என்பதுதான். 1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. அந்தச் சந்தேகத்தைக் குறைசொல்ல முடியாது.

உண்மையில் எதுவும் அழியவில்லை. பட்டியலை உருட்டிப் பார்த்தால் எல்லாக் கோப்புகளும் இருந்தன, திறக்கவும் முடிந்தது. கொஞ்சம் கணினி தெரிந்தவன் என்பதால் காரணத்தைத் தேடும் வேலை என்னிடம் வந்தது.

அந்த வாரம்தான் சேர்வர் மாற்றப்பட்டிருந்தது. எல்லோரும் அதையே குற்றம் சொன்னார்கள். ஆனால் சேர்வர் பழுதென்றால் மானிப்பாய் மட்டும் எப்படித் தப்பியது? ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி இரண்டு பட்டியல் போட்டேன். கிடைத்தவை: மானிப்பாய், சுன்னாகம், உரும்பிராய், பருத்தித்துறை. கிடைக்காதவை: கொக்குவில், கோண்டாவில், கோப்பாய், பொலிகண்டி, தொல்புரம். இரண்டாவது பட்டியலை வாய்விட்டு வாசித்தால் விடை காதிலேயே விழும். எல்லாம் கொ, கோ, பொ, தொ என்று ஒகர ஓகாரத்தில் தொடங்குபவை.

அடுத்து, பட்டியலில் இருந்த ‘கொக்குவில்’ என்ற சொல்லைப் பிரதி எடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினேன். உடனே வந்தது! அதையே கையால் தட்டச்சு செய்தால் பூச்சியம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறு வேறு.

யுனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஓர் எண் உண்டு. ‘கொ’வில் ககரத்துக்குப் பின்னால் வரும் ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமமே என்கிறது யுனிகோட். எழுத்துருவும் இரண்டையும் ஒரேமாதிரி வரைகிறது. எண்களை மட்டும் ஒப்பிடும் எளிய தேடலுக்கு இந்தச் சமம் தெரியாது.

சரி, எண்கள் எப்போது பிரிந்தன? புதிய சேர்வருக்குக் கோப்புகள் போனது ஒரு பழைய மக் கணினியில் இருந்த காப்புப் பிரதியிலிருந்து. 1998இல் அப்பிள் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவத்திலேயே சேமிக்கும். (2017இல் அதன் இடத்துக்கு வந்த ஏபிஎஃப்எஸ் பெயரைக் கொடுத்தபடியே வைத்திருக்கிறது.) எங்கள் தேடலோ கோப்புப் பெயர்களை வைத்தே இயங்கியது. விண்டோஸில் 3018 ஆக இருந்தவை மக் வழியாக 3014, 3006 ஆகிப் போய்ச் சேர்ந்தன. சேர்வரில் பழுதில்லை, பழுது வந்த வழியில்.

இதற்குள் ஒருவர் கோப்புப் பெயர்களைக் கையால் திருத்தத் தொடங்கியிருந்தார். நிறுத்தச் சொன்னேன். அடுத்த தடவை யாராவது மக்கிலிருந்து பதிவேற்றினால் அதே கதைதான். சுட்டி தயாரிக்கும்போதும், வாசகர் சொல்லைத் தட்டும்போதும், இரண்டையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான நிரல்மொழிகளில் இது ஓரிரு வரி வேலை.

கொக்குவில் வந்தது. ஆனால் சில ‘ஸ்ரீ’கள் வரவில்லை. அது வேறு சிக்கல். ‘ஸ்ரீ’யை 3000ஆம் எண்ணுள்ள ஸகரத்தாலும் தொடங்கலாம், 2005இல் யுனிகோடில் சேர்க்கப்பட்ட 2998ஆம் எண்ணுள்ள ஶகரத்தாலும் தொடங்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், யுனிகோட் இவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. ஆகவே முந்திய மருந்து இதற்குப் பிடிக்காது. ‘சௌந்தரம்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி விதி எழுத வேண்டியிருந்தது.

இப்போது தேடலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று காட்டுவதில்லை. ‘இந்த எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை, முழுப் பட்டியலையும் பாருங்கள்’ என்ற வரியும் பட்டியலுக்கான இணைப்பும் வருகின்றன.