உங்களுக்குத் தெரியுமா? பழைய லேப்டாப்பில் ஒரு பேக்-மேன் பெட்டி

கீல் உடைந்து பரணில் கிடக்கும் லேப்டாப்பே போதும், காசு போட்டு ஆடிய அந்தக் கால வீடியோ கேம் பெட்டியை வீட்டிலேயே செய்துவிடலாம். இத்தாலியின் நிக்கோலா சால்மோரியா 1997-இல் வெளியிட்ட 'மேம்' மென்பொருள், பழைய எந்திரங்களின் சிப்புகள் செய்த வேலையை அப்படியே செய்துகாட்டும். அருமையான உழைப்பு அது! 2016 முதல் திறமூலமும்கூட.

திரையில்தான் கவனம் தேவை. லேப்டாப் திரையைத் தனியே கழற்றினால் எச்டிஎம்ஐ கேபிள் நேராகச் சேராது. திரையின் முதுகில் ஒட்டியுள்ள மாடல் எண்ணுக்குப் பொருந்தும் கன்ட்ரோலர் போர்டு வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறுபவர்கள் அந்த எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போவது நல்லது. மதர்போர்டு உயிரோடு இருந்தால் இந்தச் செலவே இல்லை. பழைய கேபிளைக் கழற்றாமல் திரையையும் மதர்போர்டையும் சேர்த்தே பெட்டிக்குள் பொருத்தலாம்.

1980-இல் வந்த பேக்-மேன் விளையாட்டின் படம் 224 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். ஆகவே திரையை நெட்டுவாக்கில் நிறுத்த வேண்டும். மலிவான டிஎன் வகைத் திரையை அப்படித் திருப்பினால், பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு நிறம் மங்கும். ஐபிஎஸ் திரை கிடைத்தால் விடாதீர்கள்.

ஜாய்ஸ்டிக், பட்டன்களுக்கு ஒரு யூஎஸ்பி என்கோடர் போர்டு போதும். உப்பிய பேட்டரியை மட்டும் பெட்டிக்குள் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிட்டு, அடாப்டரிலேயே ஓட்டுங்கள்.