மெய்நிகர் உலகும் மெய்யான உறவும்

2020-ஆம் ஆண்டு நம் ஊர் முன்னெப்போதும் அறியாத ஒரு கார்த்திகைத் திருநாள் வந்தது. 2,668 அடி உயர மலைமேல் தீபம் வழக்கம்போல் ஏறியது. ஆனால், இலட்சக்கணக்கில் வந்து கூடும் மக்கள், கொரோனாவின் காரணமாகத் தத்தம் வீட்டுத் திரையில் அதைக் கண்டு கைகூப்பினர். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியை நாமும் அவ்வாறே கண்டோம்.

திரைக்கு வெளியே இருந்து பார்ப்பதோடு நில்லாமல், அதனுள்ளேயே புகுந்துவிட்டதாகத் தோன்றச் செய்வது மெய்நிகர் உலகம். கண்களை மறைக்கும் கருவியொன்றை அணிந்துகொண்டால், நம் தலை திரும்பும் பக்கமெல்லாம் கணிப்பொறி வரைந்த காட்சியும் திரும்பும். இத்தகைய கருவிக்கு 1968-லேயே வழிகாட்டியவர் ஐவன் சதர்லாண்டு என்னும் அமெரிக்க அறிஞர். அக்காட்சியில் நம் காலடியில் ஓர் ஆழ்குழி தோன்றினால், நிற்பது சமதரையே என்று அறிவு சொல்லும், நெஞ்சோ படபடக்கும்!

அங்கே நாம் பூணும் உருவமும் நம் மனத்தை மாற்றுகிறது. யீ, பெய்லன்சன் என்னும் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான உருவம் பெற்றவர்கள் பணத்தைப் பங்கிடும்போது தமக்கே மிகுதியாகக் கேட்கத் துணிந்தனர். முகமூடிக்குப் பின்னிருந்து கடுஞ்சொல் கூறவும் இவ்வாறே துணிவு வந்துவிடலாம். கேட்பவள் சிந்தும் கண்ணீர் மெய்நிகர் கண்ணீரன்று என்பதைத் தோழியராகிய நாம் மறக்கலாகாது.

நம் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில், 2022 பிப்ரவரியில் ஒரு சிற்றூரில் திருமணம் நடந்தது. அதன் வரவேற்பு மெய்நிகர் உலகில் நடைபெற்றது. விருந்தினர் பலரும் கணிப்பொறி உருவங்களாக அங்கே கூடினர். காலஞ்சென்ற மணமகளின் தந்தையும் உருவமாகத் தோன்றி வாழ்த்தினார். அந்த ஆறுதலைப் பொய்யென்று நாம் தள்ளிவிட முடியுமா? எனினும், மகளின் தலையைத் தொட்டு ஆசி கூற அவ்வுருவத்துக்குக் கையில்லை.

‘மெய்’ என்னும் சொல்லுக்கு உண்மை என்றும் உடல் என்றும் நம் மொழியில் இருபொருள் உண்டு. மெய்நிகர் உலகில் உணர்ச்சி உண்மையாகலாம். உடல் அங்கே இல்லை. இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை எனத் திருச்சபை 2002-இல் தெளிவுபடுத்தியதும் இதனாலன்றோ? நீரும் அப்பமும் எண்ணெயும் தொடுகையும் வேண்டுமே!

அசிசி நகர்ப் புனித கிளாரா, நோயுற்றுக் கிடந்தபோது, கோயிலில் நடந்த கிறிஸ்து பிறப்பு விழா வழிபாட்டைத் தம் அறைச் சுவரில் கண்டார் என்பது மரபு. எனவே 1958-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். எழுந்து செல்ல இயலாதவருக்கு அக்காட்சி இறைவன் தந்த கொடை. நமக்கோ நடக்கக் கால்கள் உண்டு. நோயுற்ற தோழியைத் திரையில் விசாரிப்பதோடு நில்லாமல், அவள் வீட்டுக்கே சென்று கையைப் பற்றுவோம்.