பூட்டிய ஆலையை வாங்கிய சார்ஜர் கம்பெனி

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் ஓடத் தொடங்கியபோது, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அது அரசு வேலைக்கு நிகராகத் தெரிந்தது. ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளை, அதிலும் பெண் பிள்ளைகளை, கம்பெனி பஸ் வந்து ஏற்றிச் சென்றது. உலகத்திலேயே அதிகமாக போன் விற்கிற கம்பெனிக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று ஊரே நம்பியது. பிறகு வரித் தகராறு வந்தது. கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேராமல் விடுபட்டது. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தார்கள். பலருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அதே வளாகத்தில் சால்காம்ப் என்றொரு கம்பெனியும் இருந்தது. நோக்கியாவுக்கு சார்ஜர் செய்துகொடுப்பது அதன் வேலை. நோக்கியா போன பிறகும் அது நின்றது. எந்த போனுக்கும் சார்ஜர் வேண்டுமே! ஆப்பிள் உட்பட மற்றவர்களுக்குச் செய்துகொடுத்தது. 2019-ல், பூட்டிக்கிடந்த அந்த ஆலையையே எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டது.

கம்பெனிக்குப் பொருந்துகிற இந்தக் கணக்கு பிள்ளைகளுக்கும் பொருந்தும். பிள்ளை சேரப்போகிற கம்பெனி எவ்வளவு பெரியது என்று விசாரிக்கிறோம். அவன் கற்கிற வேலைக்கு இன்னும் எத்தனை கம்பெனிகள் சம்பளம் தரும் என்று யாரும் விசாரிப்பதில்லை. அசெம்ப்ளி லைனில் நிற்பவர்களுக்கு வேகமும் கவனமும் உண்டு. ஆனால் ஒரே திருகை ஒரே இடத்தில் முடுக்குகிற அந்தப் பழக்கத்துக்கு, வாசலைத் தாண்டினால் விலை இல்லை. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியபோதும் இதே கவலைதான் பல வீடுகளுக்கு வந்தது.

இதற்கு நேர்மாறாக நிற்பது டூல் ரூம் வேலை. பிளாஸ்டிக் பொருள் எதுவானாலும் அதற்கு முதலில் எஃகில் ஓர் அச்சு வேண்டும். 'மோல்டு' என்பார்கள். எஃகுக் கட்டியை சி.என்.சி. மெஷினில் குடைய வேண்டும். கட்டர் நுழையாத மூலைகளை ஸ்பார்க் ஈரோஷனில் மின்பொறியால் அரித்தெடுக்க வேண்டும். கடைசியில் கையால் பாலிஷ். அச்சின் இரு பாதிகளும் சேருகிற இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், உருகிய பிளாஸ்டிக் கசிந்து பிசிறு தட்டிவிடும். வந்து விழுந்த பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தே, எங்கே காற்று அடைத்தது, எங்கே குளிர்ச்சி போதவில்லை என்று சொல்கிறவர் உருவாகப் பல வருடங்கள் ஆகும். போன் மூடி, மிக்ஸி ஜார், கார் டேஷ்போர்டு, ஊசி சிரிஞ்ச் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரே வித்தைதான். போன் சந்தை படுத்தால் அவர் கார் பக்கம் போவார். அதுவும் படுத்தால் மருத்துவக் கருவி இருக்கிறது.

புதிய மெஷின்கள் இதையும் மாற்றும். சி.என்.சி. வந்து பழைய லேத் வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது உண்மை. எஃகின் குணம் தெரிந்தவர்கள் புது மெஷினைக் கற்றுக்கொண்டு அங்கேயே தொடர்ந்தார்கள் என்பதும் உண்மை.

அரசு வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 குரூப் 4 அறிவிப்பில் முதலில் இருந்தவை 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அந்த வரிசையில் வெறுங்கையோடு ஐந்தாறு வருடம் காத்திருக்கிற பிள்ளைகளை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. தேர்வு எழுதட்டும், கையில் ஒரு தொழிலோடு எழுதட்டும்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. லைனில் நிற்கப் பெண்களைத் தேடித்தேடி எடுக்கும் தொழிற்பேட்டைகளில், டூல் ரூமுக்குள் பெண்ணைக் காண்பது அரிது. "கிரீஸ் வேலை பொண்ணுக்கு எதுக்கு?" என்று வீட்டிலேயே தடுத்துவிடுகிறார்கள். ஆனால் அச்சு வேலையில் கணிசமான பகுதி இன்று கம்ப்யூட்டர் திரையில் வரைவதும் புரோகிராம் எழுதுவதும்தான். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் 'டூல் அண்டு டை மேக்கர்' பிரிவில் சேரலாம். படிப்பு இரண்டு வருடம். கிண்டி சிப்பெட்டில் மோல்டு தொழில்நுட்பத்துக்கே மூன்று வருட டிப்ளமோ இருக்கிறது. மகளுக்கு விண்ணப்பம் வாங்கப் போகிற அப்பாக்கள் இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வாருங்கள்.