திரைக்கு வந்த தமிழ்

தஞ்சோங் ரம்புத்தானில் வசிக்கும் மாணவி ஒருத்தி, ஈப்போவில் இருக்கும் தன் பாட்டிக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறாள். படக்குறியைத் தொட்டதும் செயலி திறக்கிறது. விசையைத் தொட்டதும் தமிழ் எழுத்து தோன்றுகிறது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விரண்டும் எளிதில் கிட்டாதவை.

மலேசியாவில் 1992ஆம் ஆண்டு ஜாரிங் வழியாக இணையத் தொடர்பு ஏற்பட்டது. அக்காலத்தில் இணையத்தில் நுழைந்த பலர் முதலில் கண்டது கறுப்புத் திரையையும் அதில் மின்னும் ஒரு சிறு கோட்டையும்தான். படங்கள் இல்லை. மின்னஞ்சலைப் படிக்க வேண்டுமாயின், உரிய கட்டளைச் சொல்லைப் பிழையின்றித் தட்டச்சு செய்ய வேண்டும். இதுவே எழுத்துவழி இடைமுகம்.

இன்று இது பழமையாகத் தோன்றினாலும், அன்றைய தொலைபேசிக் கம்பிக்கு இதுவே பொருத்தமாக இருந்தது. வரிக்கு 80 எழுத்துகள் வீதம் 24 வரிகள், அதாவது ஒரு திரையில் 1,920 எழுத்துகள் அடங்கும். நொடிக்கு 2,400 பிட் வேகமுடைய மோடம் ஏறக்குறைய 240 எழுத்துகளைக் கொண்டு வரும். எனவே, முழுத்திரையும் எட்டே நொடிகளில் நிரம்பிவிடும். அதே கம்பியில் 30,000 பைட் அளவுள்ள சிறிய படம் வந்து சேர இரண்டு நிமிடங்களுக்கு மேலாகும். அதுவரை வீட்டில் வேறெவரும் தொலைபேசியைத் தொட முடியாது!

ஆனால், தமிழர்களுக்கு அந்தக் கறுப்புத் திரையில் ஒரு பெருங்குறை இருந்தது. அதற்கு அடிப்படையான ஆஸ்கி குறியீட்டு முறையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள் முதலியவற்றுக்கே அவை சரியாகப் போயின. ஆகவே, தமிழர்கள் தமிழை உரோமன் எழுத்துகளில் எழுதினர். மனமும் மணமும் ஒன்றாயின. பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான்.

1993ஆம் ஆண்டு, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் உலாவி, படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. இத்தகைய வரைகலை இடைமுகத்தில் எழுத்தும் திரையில் வரையப்படும் ஓர் உருவமே. ஆங்கில எழுத்து வரைய வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தை வரையும்படி எழுத்துருவை அமைக்கலாம். மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருள் முயற்சியைத் தொடங்கியிருந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995ஆம் ஆண்டு இணையப் பக்கத்தில் தமிழை ஏற்றினார்.

எனினும், எழுத்துரு ஒவ்வொன்றும் வெவ்வேறு குறியீட்டைப் பின்பற்றியது. அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லையெனில் பொருளற்ற குறிகளே தெரியும். ‘இதற்கு உரோமன் எழுத்தே மேல்’ என அலுத்துக்கொண்டவர்களைக் குறைகூற முடியாது. எழுத்துக் குறியீடுகளை உலகெங்கும் ஒன்றாக்கிய யூனிகோட் பரவிய பின்னரே இச்சிக்கல் தணிந்தது.

உரோமன் எழுத்தில் தமிழ் எழுதிய பழக்கம் மட்டும் மறையவில்லை. அது தட்டச்சு முறையாக மாறியது. முரசு அஞ்சல் விசைமுகத்தில் ஆங்கில விசைகளை ஒலிப்புக்கேற்பத் தட்டினால் தமிழ் எழுத்துகள் தோன்றும். ‘எல்’ விசையைத் தனியே தட்டினால் ‘ல்’. ‘ஷிஃப்ட்’ விசையுடன் சேர்த்துத் தட்டினால் ‘ள்’. பள்ளியும் பல்லியும் மீண்டும் தனித்தனியாயின.