மாற்றல் உத்தரவும் பைலைனும்

அரியமங்கலம், திருச்சி 620010 என்ற முகவரியிலிருந்து '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சலக முகவரிக்கு ஒரு காலத்தில் இன்லேண்டு கடிதம்தான் போய்வந்தது. 56 என்ற எண்ணை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. படை இருக்கும் இடம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படி ஓர் எண்.

ராணுவ அதிகாரியின் மனைவி பத்திரிகையாளராகவும் இருந்தால், ஊரையெல்லாம் விசாரித்து எழுதுவது அவள் தொழில். கணவன் எங்கே என்பதை மட்டும் எழுதக்கூடாது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாறியவை மற்றவை.

அன்று இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வரும். கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் வெள்ளை பெயின்டால் எழுதிய பெயரும் ரேங்கும் காயுமுன் ரயிலேற்ற வேண்டும். நிருபருக்கு மூலதனம் என்பது ஆள் பழக்கம். காவல் நிலைய ஏட்டும் மாநகராட்சி எழுத்தரும் நம்பிப் பேசத் தொடங்கவே இரண்டு ஆண்டு ஆகும். அதற்குள் ஊர் மாறிவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவளுக்குப் போகிற ஊரில் ஏதாவது ஒரு பத்திரிகை கிடைக்கலாம். தமிழில் எழுதுகிறவளுக்கு ஜோத்பூரிலும் தேஜ்பூரிலும் என்ன இருந்தது? ராணுவப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். அப்படி எத்தனை பைலைன்கள் பாதியில் நின்றன என்பதற்குக் கணக்கே இல்லை. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

நின்றுவிடாமல் வந்தவர்களும் உண்டு. ரச்னா பிஷ்ட் ராவத் ராணுவ அதிகாரியின் மனைவி. ஸ்டேட்ஸ்மேன், இந்தியன் எக்ஸ்பிரஸ், டெக்கான் ஹெரால்டு இதழ்களில் பணியாற்றியவர். பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரைப் பற்றி அவர் எழுதிய 'தி பிரேவ்' 2014-இல் வெளிவந்தது. 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அந்த 21 பேரில் ஒருவர். ராணுவக் குடும்பங்களின் பேச்சும் மௌனமும் உள்ளிருந்தே தெரிந்தவர் எழுதியது என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பலம்.

அன்று மாவட்டச் செய்தியைக் கவரில் போட்டு இரவுப் பேருந்தில் ஏற்றுவார்கள். இன்று அரியமங்கலம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தால், அணைக்கும் முன்பே வீடியோ செய்தி மேசைக்கு வந்துவிடுகிறது. அந்தச் செய்தியைத் தேஜ்பூர் குடியிருப்பில் உட்கார்ந்தபடியே திருத்தி அனுப்பலாம். வேலை கைவிட்டுப் போகவில்லை. புகையில் இருமும் தெருக்காரரோடு நின்று பேசும் வாய்ப்புதான் போய்விட்டது.

கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த வீட்டில் இப்போது வீடியோ அழைப்பு. அதற்கும் எல்லை உண்டு. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளை நீக்கும்படி ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. மனைவியின் தொழில் நடக்கிற அந்தத் தளங்களில் கணவன் கணக்கே வைத்திருக்க முடியாமல் போனது. அதற்கு முந்தைய மாதம் சீன எல்லையில் கல்வான் மோதல். இறந்தவர்கள் முதலில் மூவர் என்றார்கள். ஜூன் 16 இரவுக்குள் 20 ஆனது. அந்த மூவரில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். முன்பெல்லாம் இத்தகைய செய்தி மறுநாள் காலைத் தாளில் வரும். இப்போது செய்தி மேசையில் இருக்கும் ராணுவ மனைவி, கணவனின் போன் கிடைக்காத நேரத்திலும் இறந்தோர் எண்ணிக்கையைத் தன் கையாலேயே திருத்த வேண்டியிருக்கும்.

சென்னையிலுள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பெண்கள் அதிகாரிகளாகத் தேறத் தொடங்கியது 1990-களில். 2020 பிப்ரவரியில் அவர்களுக்கு நிரந்தரப் பணி உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இனி மனைவி அதிகாரியாகவும், ஊர் ஊராக உடன் போகும் பத்திரிகையாளர் கணவனாகவும் இருக்கலாம்.

தமிழ் நாளிதழ் ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான்: மாற்றல் உத்தரவு வந்த நிருபரிடம் ராஜினாமாக் கடிதம் வாங்காதீர்கள். அவர் பெயரை ஊதியப் பட்டியலில் வைத்துக்கொண்டு, போகும் ஊரிலிருந்தே எழுதச் சொல்லுங்கள்.