கலப்பிட்டமட ஓடையில் ஒரு மீன்

கேகாலை மாவட்டத்தின் கலப்பிட்டமடவில், றப்பர் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இடையே ஓடும் சிற்றோடையில் வாழ்கிறது 'பந்துல பெத்தியா'. 1991இல்தான் அறிவியல் இதற்குப் பெயரிட்டது. உலகில் இயற்கையாக இம்மீன் கண்டறியப்பட்டது இங்கு மட்டுமே.

ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆதி மீன்களுக்குத் தாடை இல்லை. செவுளைத் தாங்கும் வளைவுகளில் முன்னிருந்தது பின்னர் தாடையானது என்பதே பரவலான விளக்கம். தாடையற்றவற்றில் இன்று எஞ்சியவை லாம்பிரேயும் ஹாக்மீனும்தான்.

பெத்தியாவுக்குத் தாடை உண்டு. அதில் பற்கள் இல்லை. இரையை அரைக்கும் பற்கள் தொண்டையில், கடைசிச் செவுள் வளைவில் இருக்கின்றன. அந்தப் பழைய வளைவுகள் இன்றும் வாயின் வேலையைச் செய்கின்றன.

வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினி ஓடையில் கலந்தால், இவை தப்பியோட வேறு ஓடை இல்லை. இருக்கும் ஒரே இடத்தையும் இழப்பது என்னவென்று நமக்குத் தெரியும்.